அனாதீனம்

அப்பா காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. எங்கள் நகராட்சிக்கு இன்னும் விஷயம் தெரியாது. வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், அவர் பெயர் போட்டு என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. முப்பது நாளுக்குள் சொத்துவரி கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை என்று ஆசை காட்டுகிறது. தவறினால் மாதம் ஒரு சதவீதம் அபராத வட்டி என்று பயமும் காட்டுகிறது. இத்தனைக்கும் அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததே அதே நகராட்சிதான். ஒரே கட்டடம். கீழே பிறப்பு இறப்புப் பிரிவு. அங்கே அவர் காலமாகிவிட்டார். மாடியில் வருவாய்ப் பிரிவு. அங்கே தவறாமல் வரி கட்டிக்கொண்டிருக்கிறார். நடுவில் பதினெட்டுப் படி. சபரிமலைக்குக்கூட வருஷா வருஷம் லட்சக்கணக்கான பேர் ஏறிவிடுகிறார்கள். இந்தப் பதினெட்டை ஏழு வருஷமாக ஒரு காகிதத்தால் ஏற முடியவில்லை.

பெயரை மாற்றித் தாருங்கள் என்று மாடிக்குப் போய்க் கேட்டேன். "பட்டா உங்க பேருக்கு மாறியிருக்கா சார்? கொண்டாங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் எழுத்தர். நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸ் போனேன். "வீட்டுவரி ரசீது உங்க பேர்ல இருக்கா? அதையும் சேர்த்து மனு போடுங்க" என்றார்கள். இரண்டு ஆபீஸுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர். அந்த முக்கால் கிலோமீட்டரில் மூன்று ஜோடி செருப்பு தேய்த்திருக்கிறேன். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், கட்டின் நடுவில் இருக்கிற என் பைல் அடிக்குப் போய்விடும்.

தாலுகா ஆபீஸில் அப்பாவின் நிலைமை வேறு. அங்கே அவர் சாகவில்லை, பிறக்கவே இல்லை. பட்டாவில் இருக்கிற பெயரில் ஒரு துணைக்கால் கிடையாது. பத்திரத்தில் அந்தக் கால் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழில் இருக்கிறது. ரேஷன் கார்டில், வாக்காளர் பட்டியலில், சுடுகாட்டு ரசீதில்கூட இருக்கிறது. பட்டாவில் மட்டும் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. "பத்திரத்துல இருக்கிறவரும் பட்டாவுல இருக்கிறவரும் ஒரே ஆள்தான்னு எப்படிச் சார் நம்புறது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அந்தக் காலை ஒடித்தது யார் என்று நான் திருப்பிக் கேட்டால் அது மட்டும் அநியாயமாகிவிடுகிறது.

கால் போனதுகூடப் போகட்டும். வீடு நாலு சென்ட். அதன் பின்னால் கொல்லை ஒன்றரை சென்ட். அப்பா 1968ல் இரண்டையும் சேர்த்தே கிரயம் வாங்கினார். அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் கஞ்சர்கள் இல்லை. மனையோடு சேர்த்து நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலான அஷ்டபோக சுதந்திரங்களையும் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கொல்லையில் போய்ச் சரிபார்த்தேன். ஜலம்: ஒரு கிணறு இருக்கிறது. தரு: முருங்கை. பாஷாணம்: அம்மா துணி துவைத்த கல். நிதியும் நிட்சேபமும் மட்டும் காணோம். அவை தாலுகா ஆபீஸ் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்தக் கொல்லைக்கு அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அனாதீனம். யாருக்கும் பாத்தியமில்லாதது, கேட்க ஆளில்லாதது என்று அர்த்தம். ஐம்பத்தேழு வருஷமாக எங்கள் வீட்டுத் துணி காய்கிற இடத்துக்குத்தான் இந்தப் பெயர். என் தங்கைக்கு நலங்கு வைத்ததும், அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் அங்கேதான். கேட்க ஆளில்லாத இடமாம்.

இது எப்படி ஆனது என்று விசாரித்தால் எல்லா அதிகாரியும் ஒரே மூன்றெழுத்தைச் சொல்வார்கள்: யுடிஆர். தமிழ்நாட்டில் நிலம் வைத்திருக்கிற யாரிடமும் இந்த மூன்றெழுத்தைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் என்று அதற்குத் தமிழில் கண்ணியமான பெயர் உண்டு. 1979ல் தொடங்கி 1987 வரை நடந்தது. ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏருமாக மாறின. பதிவேடுகள் அடியிலிருந்து திருப்பி எழுதப்பட்டன. அதற்கு நடுவே, 1980ல், கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. ஒழிக்க வேண்டிய ஏற்பாடுதான்; ஊர் நிலக்கணக்கை ஒரு குடும்பம் தன் அடுக்களைப் பரணில் வைத்திருந்த அநியாயம் அது. ஆனால் எந்தப் புலம் யாருடையது என்று மண்டைக்குள் வைத்திருந்த ஆள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நேரத்தில்தான் மொத்தக் கணக்கையும் புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் முக்குக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போனதாக அப்பா சொல்வார். திண்ணையிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு முன்வாசல் தெரியும். கொல்லை தெரியாது. தெரியாததெல்லாம் அனாதீனம்.

அப்புறம் நகர சர்வே வந்தது. பழைய புல எண்ணுக்குப் பதில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று புது எண் போட்டார்கள். எண் புதுசு, தவறு பழசு. கம்ப்யூட்டர் வந்தது. தவறு ஒளிபரப்பானது. முன்பெல்லாம் தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் கரையான் அரித்துக்கொண்டு கிடந்த பிழையை இப்போது அமெரிக்காவில் இருக்கிற என் மைத்துனர் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிபி போட்டுப் பார்த்துவிட்டு, "மாப்ளே, உங்க கொல்லை அனாதீனமாமே" என்று எழுப்பிக் கேட்கிறார். இதைத்தான் மின் ஆளுமை என்கிறோம்.

இனி மாடிப்படி ஏறுவோம். வருவாய்த் துறைக்குத் திண்ணையிலிருந்து தெரியாத கொல்லை நகராட்சிக்கு நன்றாகத் தெரிந்தது. 2022ல் வரித்தண்டலர் டேப்போடு வந்தார். வீட்டை அளந்தார்: 1,100 சதுர அடி. நேரே பின்னால் போனார். கிணற்றடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட குளியலறை, வாஷிங் மிஷின் வைத்த சாய்ப்பு. அதையும் அளந்தார்: 90. ஆக 1,190. அந்த வருஷத்து வரி உயர்வில் 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம். அதைத் தாண்டினால் 75. இன்னும் பதினோரு சதுர அடி கிடைக்குமா என்று டேப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடைக்கவில்லை.

அப்போது கேட்டேன்: "சார், இந்த இடம் அரசாங்கக் கணக்கில் அனாதீனம். என்னுடையது இல்லை. இதற்கு எதற்கு நான் வரி கட்ட வேண்டும்?" அவர் சிரித்தார். "அது அவுங்க டிபார்ட்மென்ட் சார்."

அரசியல் சாசனத்தைவிடச் சுருக்கமாக, அதைவிட உறுதியாக, இந்த நாடு எப்படி நடக்கிறது என்பதை நாலு சொல்லில் சொல்லிவிட்டார் அந்த மனிதர். அதே 650 சதுர அடி மண். எனக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் அது யாருடையதும் இல்லை. என்னிடம் வாங்க வேண்டியிருந்தால் அது என்னுடையது, அதுவும் அங்குலம் பிசகாமல். இதைச் சோம்பல் என்கிறார்கள், ஆள் பற்றாக்குறை என்கிறார்கள், சாஃப்ட்வேர் கோளாறு என்கிறார்கள். அடப் பாவிகளா, கோளாறு எப்போதாவது ஒரு முறையேனும் என் பக்கம் சாய்ந்திருக்க வேண்டாமா? தவறுதலாக ஒரு தவணை வரியைக் கேட்காமல் விட்டார்களா? வரி ரசீதில் அப்பா பெயரின் துணைக்கால் உள்பட எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

அந்த வரிக்கு ஒரு கணக்கு உண்டு. தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது, சதுர அடிக்கு அடிப்படை மதிப்பு எவ்வளவு, ஓடா காங்கிரீட்டா, சொந்தக் குடியிருப்பா வாடகையா, கட்டடத்துக்கு என்ன வயசு, அதில் கழிவு எவ்வளவு, கடைசியில் ஆண்டு மதிப்பு. நான் கணக்குப் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவன். மூன்று முறை போட்டேன், மூன்று விடை வந்தது. நகராட்சி போட்டது நான்காவது. அந்த வரிக்குள்ளேயே ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி வேறு. மக்களிடம் வசூலித்த அந்தப் பத்துக் காசை உள்ளாட்சிகள் நூலகத் துறைக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்திருக்கின்றன என்று அவ்வப்போது பத்திரிகையில் வரும். எங்கள் கிளை நூலகத்தில் அந்தப் பத்திரிகையையே நிறுத்திவிட்டார்கள்.

வரி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பஞ்சாங்கம் உண்டு. தேர்தல் பஞ்சாங்கம். 2018ல் அ.தி.மு.க. ஆட்சி வரியை ஏற்றியது. உள்ளாட்சித் தேர்தல் வாசலுக்கு வந்ததும், 2019 நவம்பரில், அந்த உயர்வை நிறுத்திவைத்தது. 2022 பிப்ரவரி 19ல் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது, தி.மு.க. அள்ளிக்கொண்டு போனது. விரலில் மை அழிவதற்குள், ஏப்ரல் பிறக்கும்போதே, 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு வந்துவிட்டது. சென்னையின் பழைய பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேல் வீடு கட்டியவர்களுக்கு அந்த 150. கேட்டால் 15வது நிதிக்குழுவின் நிபந்தனை என்றார்கள். நிபந்தனை உண்மைதான். ஓட்டுக் கேட்டு வந்தபோது அந்த நிபந்தனையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள், அவ்வளவுதான். சென்னையில் 1998க்கும் மற்ற ஊர்களில் 2008க்கும் பிறகு முறையாக வரியை ஏற்றவில்லை, அதனால்தான் ஒரேயடியாக ஏறுகிறது என்றும் சொன்னார்கள். அந்த வருஷங்களில் ஏற்ற வேண்டாம் என்று நானா தடுத்தேன்? 2024ல் இன்னும் ஆறு சதவீதம். என் அரையாண்டுத் தொகை ஆயிரம் ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறாகி, ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறாகியிருக்கிறது.

வரி கட்ட எனக்குக் கோபம் இல்லை. தெருவிளக்கு எரிய வேண்டும், குப்பை அள்ளுகிறவர்களுக்குச் சம்பளம் போக வேண்டும். கோபம் வேறு இடத்தில். மதுரை மாநகராட்சியில் அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்திக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துக் கொடுத்த முறைகேடு 2025ல் பெரிதாக வெடித்தது. ஊழியர்கள் கைதானார்கள், மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது பொறாமை. கம்ப்யூட்டரில் ஏறிய கணக்கை மாற்றவே முடியாது, சர்வர் ஒத்துக்கொள்ளாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சர்வருக்கும் ஆள் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

சரி, இத்தனை காகிதத்தில் எதுதான் வீடு என்னுடையது என்று சொல்லும்? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, நிறையப் பேருக்கு வழக்கு வந்த பிறகுதான் தெரியவரும். பட்டா உரிமை ஆவணம் இல்லை, வருவாய்க் கணக்குக்கான பதிவுதான் என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டன. வரி ரசீதும் அப்படித்தான். கட்டினாய், வாங்கினோம், மற்றபடி நீ யாரோ. வில்லங்கச் சான்றிதழ், பதிவான வில்லங்கத்தைத்தான் காட்டும். பதிவாகாத வில்லங்கம் பக்கத்து வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும். மிஞ்சியது கிரயப் பத்திரம். பதிவாளர் பத்திரத்தைத்தான் பதிகிறார், உரிமையைப் பதிவதில்லை. விற்றவனுக்கு அது சொந்தமாக இருந்தால்தான் வாங்கியவனுக்குச் சொந்தம். அதைக் கண்டுபிடிப்பது யார் வேலை? வாங்குகிறவன் வேலை. அப்படியானால் ஏழு சதவீதம் முத்திரைத் தீர்வையும் இரண்டு சதவீதம் பதிவுக் கட்டணமும் எதற்கு? அந்தக் கேள்வியையும் பத்திரத்தோடு சேர்த்துத்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

ஒன்பது சதவீதத்தையும் அரசாங்கம் நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல் கணக்குப் போடுகிறார்கள். நீங்கள் குறைத்து வாங்கியிருந்தாலும் விடமாட்டார்கள். "இந்தத் தெருவில் நிலம் என்ன விலை என்று எங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். அதே தெருவில் நாளைக்குப் பாலத்துக்கு நிலம் எடுக்கும்போது அவர்களுக்கு விலை தெரியாமல் போய்விடும்.

போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022ல் 77-ஏ என ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. விற்கிறவர் தன் உரிமையைக் காட்டும் முன்பத்திரத்தின் அசலைக் கொண்டுவர வேண்டும் என்று 55-ஏ என ஒரு விதி போட்டார்கள். உரிமையைப் பார்ப்பது சார்பதிவாளரின் அதிகாரத்திலேயே இல்லை என்று 2025ல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. தீர்ப்புகள் சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். கடைசியில், உரிமையைச் சொல்ல வேண்டியது யார் என்று தேடிப் போனால் உரிமையியல் நீதிமன்றத்தின் வாசலில் போய் நிற்போம். அங்கே எனக்கு முன்னால் வரிசையில் நிற்பவரின் வழக்கை அவருடைய அப்பா போட்டார்.

ஆகவே, வழக்கு வேண்டாம், மனுவே போடுவோம் என்று ஆன்லைனில் விண்ணப்பித்தேன். ஒரு மாதம் கழித்து நிராகரிப்பு: "விசாரணைக்கு ஆஜராகவில்லை." விசாரணை எப்போது நடந்தது என்று எனக்கும் தெரியாது, கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியவில்லை. மறுபடி போட்டேன். நிராகரிப்பு: "உட்பிரிவு இனத்தில் விண்ணப்பிக்கவும்." உட்பிரிவு இனத்தில் விண்ணப்பித்தேன். நிராகரிப்பு: "உட்பிரிவு தேவையில்லை." மூன்று காரணத்துக்கும் கீழே ஒரே கையெழுத்து. மனுக்கள் தேங்கக் கூடாது என்று மேலிடம் கண்காணிக்கிறதாம். நிராகரித்த மனு தேங்காத மனு. கணக்கில் அதுவும் தீர்வுதான். மாநில அளவில் தீர்த்துவைக்கப்பட்ட மனுக்கள் என்று அமைச்சர்கள் லட்சக்கணக்கில் சொல்லும்போது அதில் மூன்று என்னுடையவை என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஜமாபந்திக்கும் போனேன். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். பசலி என்கிற வருவாய் ஆண்டு முடிவதற்குள் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வது. ஷாமியானா, தண்ணீர் பாட்டில், நில அளவைச் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட்டுக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். சங்கிலியைப் பார்த்ததோடு சரி, அளக்கிறவரைப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்தால் புங்கமரம். அதனடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மஞ்சள் பை, நீதிமன்றக் கட்டண வில்லை, ஸ்டாம்ப் பேட். அரசாங்கம் முழுவதையும் அந்த மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, யுடிஆர் மிஸ்டேக்கா?"

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா? செருப்பு வேற அப்படித் தேஞ்சிருக்கு. கொல்லை அனாதீனம், பேர்ல ஒரு எழுத்து. சரிதான?"

"ஆமா."

"நேரா போனீங்கன்னா கோட்டாட்சியர், டி.ஆர்.ஓ., அப்புறம் சேப்பாக்கத்துல நிலநிர்வாகக் கமிஷனர்னு போய்க்கிட்டே இருக்கும். உங்க ஆயுசுக்குள்ள முடியாது. நம்ம மூலமா போனா ரெண்டு மாசம். மேல வரைக்கும் போகணும்லா, எனக்கு டீக்காசுதான்."

சதுர அடிக்கு இவ்வளவு என்றார். துணைக்காலுக்குத் தனி. நகராட்சியின் நாலு விதக் கணக்கு போலில்லை. ஒரே பெருக்கல், சிறு பிள்ளைக்கும் புரியும். எந்த மேஜையில் என் பைல் இருக்கிறது, எந்தப் பச்சை மையில் என்ன குறிப்பு எழுதியிருக்கிறது என்று வரி வரியாகச் சொன்னார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் கேட்டுக் கிடைக்காத பதில் எல்லாம் அவர் வாயில் வெற்றிலையோடு வந்தது. பதிவேடுகள் காணாமல் போகவில்லை, மரத்தடியில் இருக்கின்றன. பட்டா குழம்பிக் கிடப்பதால் பட்டினி கிடப்பவர் யாரும் அந்த வளாகத்தில் இல்லை. குழப்பம்தான் அங்கே நன்செய், முப்போகம் விளைகிறது.

நான் கொடுக்கவில்லை. கொடுக்காததில் வீரம் ஒன்றும் இல்லை. அவ்வளவு பணம் இல்லை. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம்தான். பட்டா மாறுதலுக்குப் பணம் வாங்கிப் பிடிபட்டவர் செய்தி ஓய்வதே இல்லை. ரசாயனம் தடவிய நோட்டு, கரைசலில் கையை முக்கியதும் இளஞ்சிவப்பு, மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் போட்டோ. பிடிபட்டவர் போனதும் அதே நாற்காலிக்கு இன்னொருவர் வருகிறார். பைல் மட்டும் "சாட்சி ஆவணம்" ஆகி லஞ்ச ஒழிப்புத் துறை பீரோவுக்குள் போய்விடுகிறது. கையை முக்குகிற கரைசலில் அந்த நாற்காலியை ஒருநாள் முக்கிப் பார்க்க வேண்டும்.

முதலாம் ராஜராஜன் நிலம் அளக்கச் சொன்னபோது ஒரு வேலியை ஐயாயிரத்துச் சொச்சம் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு வரை கணக்கிட்டார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு பங்கில் எறும்புகூட ஒற்றைக் காலில்தான் நிற்கலாம். அதுவும் வரி வாங்கத்தான் அளந்தது, ராஜராஜன் ஒன்றும் எனக்குச் சித்தப்பா இல்லை. ஆனால் யாருக்கு என்ன நிலம், என்ன எல்லை, எது இறையிலி என்பதைக் கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். போகிறவன் வருகிறவன் படிக்கலாம். கல்வெட்டுக்கு ஓடிபி கிடையாது. ஆயிரம் வருஷம் கழித்தும் அதில் துணைக்கால் உதிரவில்லை. (அந்தக் காலத்து எழுத்தில் துணைக்கால் எப்படியிருந்தது என்று கல்வெட்டு அறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம், என் வயிற்றெரிச்சல் அப்படி எழுதுகிறது.)

அதே நாட்டில், 2025 ஆகஸ்டில், திருப்புவனத்தில், அரசின் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் ஜனங்கள் கொடுத்த மனுக்கள் வைகையில் மிதந்தன. பட்டா கேட்டுக் கொடுத்த மனுக்களும் அதில் இருந்தன. இதே வைகையில் அந்தக் காலத்தில் புனல்வாதம் நடந்ததாகப் புராணம் சொல்கிறது. சம்பந்தர் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து நீந்திப் போய்த் திருவேடகத்தில் கரை ஏறியது. நம் ஜனங்களின் மனுவுக்கு அந்த அருள் இல்லை. ஆற்றோடு போயிற்று. யாரோ பார்த்துப் படம் பிடித்ததால் விசாரணை என்றார்கள். படம் பிடிக்காத ஆறுகள் எத்தனையோ.

என் ஒன்றரை சென்ட் ஒரு தலைவலி, அவ்வளவுதான். எழுதித் தீர்த்துக்கொள்ளப் பேனா இருக்கிறது. இதே பதிவேட்டு விளையாட்டில் வாழ்க்கையே போனவர்கள் உண்டு. 1891ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமில்லாமல் படுகிற பாட்டை அறிக்கையாக எழுதினார். 1892ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று தனியாக ஒதுக்கினார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே மக்களுக்குள்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பதிவேட்டில் ஏற்றப்பட்ட அந்த நிபந்தனை எத்தனை ஊரில் மறுசெட்டில்மென்டிலும் யுடிஆரிலும் நைசாகக் கழன்று விழுந்தது! என் அப்பா பெயரில் துணைக்கால் கழன்றது கைத்தவறாக இருக்கலாம். இது கைத்தவறு இல்லை. யாருடைய நிலம் யாருடைய பெயருக்குப் போனது என்று பார்த்தால், எந்தக் கை, யார் கை என்று தெரிந்துவிடும். 1994ல் காரணைப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடியவர்கள் மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். பதிவேட்டில் இருந்த ஒரு வரியைப் படித்துக் காட்டியதுதான் அவர்கள் செய்த குற்றம்.

திங்கள்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலுக்கும் போய்ப் பாருங்கள். குறைதீர்க்கும் நாள். மனு கொடுக்க வருகிற கிழவியின் மஞ்சள் பையைப் போலீஸ்காரர்கள் உதறிப் பார்ப்பார்கள். வெடிகுண்டு இருக்கிறதா என்று இல்லை. மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்தவர் அந்த வாசலிலேயே தன்மேல் ஊற்றிக்கொள்வார் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். பட்டாவைத் திருத்துவதைவிடப் பாட்டிலைப் பிடுங்குவது சுலபம்.

அக்டோபர் தவணையைக் கட்டிவிட்டேன். ஊக்கத்தொகை எழுபத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு. அப்பா பெயரில் ரசீது வந்திருக்கிறது, கால் எழுத்தெல்லாம் சரியாக.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பட்டாவை எடுங்கள். அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். காலும் கொம்பும் புள்ளியும் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். கொல்லைப்புறத்தின் எண்ணைத் தனியாகப் போட்டுப் பார்க்க மறக்காதீர்கள்.